சி மைனர் கன்செர்ட்டோ பி மைனரில் ஒலிப்பது ஏன்?

கேள்வி: இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் சி மைனர் செல்லோ கன்செர்ட்டோவை (அவர் படைப்புப் பட்டியலில் ஆர்.வி. 401) பயின்று வருகிறேன். ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்தால் என் செல்லோ அரைக் கட்டை ஏறி நிற்கிறது. டியூனர் செயலியோ பதிவில் இருப்பது பி மைனர் என்று காட்டுகிறது. கோளாறு எதில்?

பதில்: கோளாறு எதிலும் இல்லை. நீங்கள் கேட்பது பரோக் (விவால்டி காலத்துப் பாணி) கருவிகளைக் கொண்டு வாசித்த பதிவாக இருக்க வேண்டும். அத்தகைய குழுக்கள் பெரும்பாலும் ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்கின்றன. உங்கள் கருவி இன்றைய வழக்கப்படி 440-இல் இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி சரியாக அரைக் கட்டை என்பதால்தான் ஏட்டில் சி மைனராக உள்ளது செயலிக்கு பி மைனராகத் தெரிகிறது.

விவால்டியும் 415-இல்தான் வாசித்தார் என்று இதிலிருந்து முடிவு செய்துவிட வேண்டாம். அந்த எண் 20-ஆம் நூற்றாண்டில் வசதிக்காக நிலைத்த ஓர் ஏற்பாடு. ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) கட்டை வரிசையை ஓர் இடம் நகர்த்தினாலே 415-க்கும் 440-க்கும் மாறிக்கொள்ளலாம் என்பது அதற்குப் பெரிதும் துணை நின்றது. 18-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்டது. ரோமில் அது மிகத் தாழ்ந்திருக்க, விவால்டி பணியாற்றிய வெனிஸில் இன்றைய 440-ஐ ஒட்டியே இருந்தது என்பது, எஞ்சியிருக்கும் காற்றுக் கருவிகளை அளந்து பார்த்த ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே 440-இல் வாசிக்கும் பதிவைத் தேர்ந்தெடுத்தால் அதை மரபுமீறல் என்று கருதத் தேவையில்லை.

பிடித்த பதிவு 415-இல் இருந்தால், வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் அரைக் கட்டை உயர்த்தும் செயலியைப் பயன்படுத்துங்கள். அன்றாடப் பயிற்சிக்கு அதுவே எளிது. கருவியையே இறக்க விரும்பினால், டியூனரில் ஏ சுரத்தை 415 என்று அமைத்துவிட்டு, ஒவ்வொரு தந்தியாகப் பெக்கை (தந்தியை முறுக்கும் ஆணி) திருப்பி இறக்குங்கள்; ஃபைன் டியூனர் என்ற சிறு திருகு இவ்வளவு தூரத்துக்குப் போதாது. எல்லாத் தந்திகளையும் ஒருசேரத் தளர்த்திவிடக் கூடாது. உள்ளே இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரத்தூண் சாய்ந்துவிடக்கூடும். எஃகுத் தந்தி 415-இல் சற்றுத் தொய்வாக இருக்கும் என்பதால் வில்லின் அழுத்தத்தைக் குறைத்து வாசியுங்கள், குறிப்பாக சி தந்தியில்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏ தந்தி பொருந்தி, சி தந்தி மட்டும் நூலளவு தாழ்ந்து ஒலிக்கலாம். தூய பஞ்சம இடைவெளிகளாக ஏ, டி, ஜி, சி என்று இறங்கி வந்தால், ஹார்ப்சிகார்டின் சி சுரத்தை விடச் சற்றுக் கீழே போய்விடுவோம். ஏனெனில் அதன் பஞ்சமங்கள் சற்றுச் சுருக்கியே சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். பதிவில் ஹார்ப்சிகார்டின் சி தெளிவாகக் கேட்கும் ஓரிடத்தில் நிறுத்தி, அதற்கு உங்கள் சி தந்தியைச் சேர்த்துக்கொண்டு, இடையிலுள்ள ஜி, டி தந்திகளின் பஞ்சமங்களை அதற்கேற்ப மயிரிழை சுருக்குங்கள்.