சாப்பாடெல்லாம் சேர்ந்த ஹோட்டலில் கமராவுக்கு என்ன வேலை?

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று வருசம் முழுக்க மற்றவர்கள் வீட்டு விசேசங்களிலேயே போகிறது. ஓகஸ்ட் விடுமுறைக்கு, சாப்பாடு குடிபானம் எல்லாம் ஒரே கட்டணத்தில் சேர்ந்த பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் பிள்ளைகளோடு போய் நிற்கலாம் என்று மனைவி சொல்கிறா. படம் பிடிக்கிறவனுக்கு அது பிரயோசனமா? கமராவைக் கொண்டுபோகவா, வீட்டில் வைக்கவா?
(வாசகர், கல்முனை)

பதில்: கட்டாயம் கொண்டுபோங்க தம்பி, ஒரு கமராவும் ஒரு லென்ஸும் போதும். ஆனால் புக் பண்ண முதல், காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் மட்டும் சேர்ந்த ஹாஃப் போர்ட் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் சேர்ந்த பக்கேஜில் நானும் நின்றிருக்கிறேன். பத்து மணிக்கு ஜூஸ், ஒரு மணிக்கு புஃபே, நாலு மணிக்குத் தேநீரும் கேக்கும், எல்லாத்துக்கும் காசு கட்டியாயிற்று என்பதால் விட்டுவிட்டு வெளியே போக யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளோடு ஆறுதலாக இருக்க வருகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். படம் பிடிக்கிறவருக்குத்தான் நட்டம். எத்தனை நாள் நின்றாலும் அதே நீச்சல் தடாகம், அதே சாய்கதிரை, அதே தென்னை.

வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். பாசிக்குடா கிழக்குப் பார்த்த குடா, சூரியன் கடலில் எழும்பி ஹோட்டல்களுக்குப் பின்னால் இறங்கும். ஓகஸ்டில் ஆறு மணிக்குச் சற்று முன்னர் உதயம். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் சரிந்து ஏறாமல் நேரே மேலே போய்விடும், அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றாலே பெரிய விசயம், ஏழு மணிக்கெல்லாம் மணல் கண்ணைக் கூசத் தொடங்கும். பெரும்பாலான ஹோட்டல்களில் காலைச் சாப்பாடு திறப்பதே அந்த நேரம்தான். மாலையில் ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்தபிறகுதான் இரவுச் சாப்பாடு வரும். அதாவது நல்ல வெளிச்சம் இரண்டும் ஹாஃப் போர்ட் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியேதான் விழுகிறது. விடிய முதலே கல்குடாப் பக்கம் நடவுங்கள், பின்னேரம் ஓட்டோ பிடித்து ஓட்டமாவடிப் பாலத்தடிக்குப் போய் வாவியைப் பாருங்கள். மீன்பிடிக்கிறவர்களிடம் முதலில் பேசி, கேட்டு, பிறகு எடுங்கள். எடுத்த படத்தை அன்றைக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அடுத்த நாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

மத்தியானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பவளப்பாறை அலையை வெளியிலேயே உடைத்துவிடும், அங்கே கடலும் ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும், சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் நிற்கலாம், பக்கத்தில் நீங்கள் நின்றால் சரி. ஓகஸ்ட் கடைசியில் சூரியன் சித்திரையில் போலவே உச்சிக்கு வந்துவிடும், நடு வெயிலில் எடுத்தால் கண்குழி முழுக்க இருட்டு. தென்னை நிழலின் விளிம்பில், வெயில் விழும் மணலைப் பார்த்தபடி பிள்ளையை நிறுத்துங்கள், வெள்ளை மணலே முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், உங்கள் ஸ்டூடியோ ரிஃப்ளெக்டரை விட நன்றாக. மணலை அப்படியே விட்டால் கமரா அதைச் சாம்பல் நிறமாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கும் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டொப்பாவது (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டுங்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் போடுங்கள், தண்ணீரின் பளபளப்பு அடங்கி அடிமணல் தெரியும்.

குளிக்கும் மற்ற விருந்தினர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்: கமராவை மனைவியிடமும் கொடுங்கள். படம் பிடிக்கிறவர்களின் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், பிள்ளைகள் வளர்ந்த காலம் முழுக்க அப்பா ஒரு படத்திலும் இருக்க மாட்டார். அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விசயம்.

கேள்வி: ஹோட்டல் அறையிலிருந்து விடியற்காலையில் கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் முழுக்கப் பனிப்புகார் மாதிரி மூடிவிடுகிறது. கமரா பழுதா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: பழுதில்லை தங்கச்சி. ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரக்காற்று பட்டு நீராகப் படிகிறது. அறையை விட்டு வெளியே வர அரை மணி நேரம் முன்னரே, பையைத் திறக்காமல் வெளி விறாந்தையில் வைத்துவிடுங்கள், கமரா மெல்லச் சூடேறட்டும். பனிப்புகார் மூடியிருக்கும்போது லென்ஸைக் கழற்ற வேண்டாம், ஈரம் உள்ளே போகும். கடல் சாரல் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பு கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்த பிறகு உலர்ந்த துணி.

கேள்வி: அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர்களை ட்ரோனில் எடுக்கலாமா? நிற்கும் ஹோட்டலில் சரி என்கிறார்கள்.
(வாசகர், பொத்துவில்)

பதில்: ஹோட்டல்காரர் சரி சொன்னால் போதாது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்த்து அனுமதி எடுங்கள், ஆட்கள் கூடியிருக்கும் இடத்துக்கு மேலே பறக்கவிடாதீர்கள். அலைச்சறுக்குக்கு ட்ரோனே தேவையில்லை. அங்கே அலைச்சறுக்குக்குப் பேர்போன மெயின் பொயின்டில் அலை கரையோரமாகவே ஓடிவரும், நீளமான லென்ஸும் ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனுக்குக் குறையாத ஷட்டர் வேகமும் இருந்தால் கரையில் நின்றே எடுக்கலாம்.