மருத்துவர் பதில்: ஜெல் திண்டும் புதுவகை மவுஸும் விரல் மரத்துப்போவதைத் தீர்க்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருமங்கலத்தில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தும், மற்ற நாட்களில் பேருந்தில் சென்று மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவிலுள்ள அலுவலகத்திலிருந்தும் பணிபுரிகிறேன். வீட்டில் பெரும்பாலும் கட்டிலில் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வேன். சில மாதங்களாக வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. இரவில் அதனால் விழித்துக்கொள்கிறேன். கையை உதறினால் சரியாகிறது. கழுத்துவலியும் கண் எரிச்சலும் உண்டு. வலது தொடையில் வலை போட்டது போலப் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. மணிக்கட்டுக்கு ஜெல் திண்டு, செங்குத்தாகப் பிடிக்கும் மவுஸ், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி ஆகியவற்றை வாங்கித் தருவதாக என் கணவர் சொல்கிறார். எவை உண்மையில் பயன்படும்? விலை கூடியதாக வாங்க வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: எந்தெந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்று நீங்கள் பிரித்து எழுதியிருப்பது பெரிய உதவி. மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்றுக்கும் இடையே உள்ள குறுகிய வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்னும் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. அந்த இடத்தில் அழுத்தம் கூடினால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகிய பகுதிகள் மரத்துப்போகும்; தூக்கத்தில் எழுப்பும்; கையை உதறினால் தணியும். கார்ப்பல் டனல் நோய் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உங்கள் அறிகுறிகள் அதனுடன் பெரிதும் பொருந்துகின்றன. சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தால் மணிக்கட்டைவிட முழங்கையைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். கைபேசியைக் காதில் வைத்தோ படுத்துக்கொண்டோ முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்பவர்களுக்கு அது வருகிறது.

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் இரத்தச் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகிய மூன்று சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இந்த நோய்க்கு வழிவகுக்கும். பி12 குறைந்தாலும் விரல்கள் மரத்துப்போகலாம். கணினி வேலை மட்டுமே இந்த நோயை உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைத்து வைத்திருக்கும்போது அந்தக் குறுகிய வழியில் அழுத்தம் கூடுகிறது என்பது அளந்து அறியப்பட்ட செய்தி. ஆகவே ஒரு பொருள் உங்களுக்கு ஏற்றதா என்பதை, அது எவ்வளவு மெத்தென்றிருக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யாமல், அதைப் பயன்படுத்தும்போது மணிக்கட்டும் கழுத்தும் நேராக இருக்கின்றனவா என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

இந்த அளவுகோலில் ஜெல் திண்டு தேறுவது கடினம். தட்டச்சு செய்யும்போதே மணிக்கட்டின் உட்புறத்தை அதன்மேல் ஊன்றினால், நரம்பு செல்லும் இடத்தையே வெளியிலிருந்து அழுத்துகிறீர்கள். திண்டு மென்மையாக இருப்பதால் அது வலிக்காமல் நடக்கிறது, அவ்வளவுதான். தட்டச்சுக்கு இடையில் கையை ஓய்வாக வைக்க மட்டும், அதுவும் மணிக்கட்டை விட்டுவிட்டு உள்ளங்கையின் அடிமேட்டை வைக்கப் பயன்படுத்துவதானால் தவறில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை வேறொன்றுக்குச் செலவிடலாம்.

அந்த வேறொன்று, லேப்டாப்பை உயர்த்தி வைக்கும் ஒரு ஸ்டாண்டும் தனி விசைப்பலகையும். லேப்டாப்பின் திரையும் விசைகளும் ஒரே உடலில் இருப்பதால், கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தோள்கள் தூக்கிக்கொள்கின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லேப்டாப்பானாலும் இந்தச் சிக்கல் உண்டு. மனிதத் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகள் அதைப்போல் பல மடங்கு இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் கழுத்துவலிக்கான காரணத்தை இங்கேதான் தேடுவேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, முகத்திலிருந்து 50 முதல் 70 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். ஸ்டாண்ட் ஆடக்கூடாது, வழுக்கக்கூடாது, லேப்டாப்பின் அடியிலுள்ள காற்றுத்துளைகளை மறைக்கக்கூடாது. இந்த மூன்றும் நிறைவேறினால் போதும். உங்கள் ஊர்த் தச்சரிடம் அளவு சொல்லி ஒட்டுப்பலகையில் செய்து வாங்கினாலும் சரியே. அலுமினியத்தில் பளபளவென்று வருபவை அழகாக இருக்கின்றன. கழுத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

வீட்டில் கட்டிலை விட்டு மேசைக்கு வர வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரமுள்ளவை, சராசரி உயரமுள்ள பெண் சாதாரண நாற்காலியில் அமர்ந்தால் அவருடைய முழங்கை அதைவிடச் சுமார் 10 செ.மீ. தாழ்ந்திருக்கும். எனவே கெட்டியான திண்டு ஒன்றைப் போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டி, தொங்கும் கால்களுக்கு அடியில் ஒரு மணையை வையுங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்து, முன்கை தரைக்கு இணையாக இருந்தால் உயரம் சரி.

விசைப்பலகை தேர்வில் சற்று நேரம் செலவிடுங்கள். தட்டையானதாக, முன்விளிம்பு தாழ்ந்ததாக இருக்க வேண்டும். பின்புறமுள்ள சிறு கால்களை நிமிர்த்தி வைப்பது பலருக்கும் வழக்கம். அது மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கிறது, ஆகவே மடக்கியே வையுங்கள். கணக்கு வேலையில் எண் விசைகள் இல்லாமல் முடியாது என்பது தெரியும். ஆனால் வலப்பக்கம் எண் விசைகள் சேர்ந்த முழுநீளப் பலகையில், மவுஸ் அந்த அளவுக்குத் தள்ளிப்போய், கை நாள் முழுவதும் பக்கவாட்டில் நீண்டே இருக்கும். எண் விசைகள் இல்லாத சிறிய பலகையையும், வேண்டும்போது மட்டும் எடுத்து வைக்கும் தனி எண்பலகையையும் வாங்கிக்கொள்வது உங்கள் வேலைக்கு மிகப் பொருத்தமாக இருக்கும். கடையில் பலகையின் நடுவில் அழுத்திப் பாருங்கள், வளைந்து கொடுக்கக்கூடாது. நீண்ட விசைகளை அவற்றின் ஓரத்தில் தட்டிப் பாருங்கள், சிக்கிக்கொள்ளக்கூடாது. விசைகள் லேசாகத் தட்டினாலே இறங்க வேண்டும். இவற்றைப் படத்தில் பார்த்து அறிய முடியாது. மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்டால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார்கள். இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

செங்குத்து மவுஸை நான் மறுக்கவில்லை. கைகுலுக்கும் நிலையில் பிடிப்பதால் முன்கை முறுக்கிக்கொள்வது குறைகிறது. முன்கை வலி உள்ள சிலருக்கு இதம் தருகிறது. ஆனால் அது கார்ப்பல் டனல் நோயைக் குணப்படுத்தும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். வடிவத்தைவிட அளவு முக்கியம். பையில் அடங்குவதற்கென்று செய்த சின்ன மவுஸை விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கைக்கு மீறிய பெரியதை விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதில் பத்தில் ஆறு பங்கு நீளமுள்ளதைத் தேர்வது நடைமுறைக் கணக்கு, 17 செ.மீ. நீளமுள்ள கைக்கு 10 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான மவுஸ். கணினி அமைப்பில், திரையில் நகரும் சுட்டியின் வேகத்தைக் கூட்டி வைத்தால் கை நகரும் தூரமும் குறையும். இதற்குச் செலவே இல்லை.

நீல ஒளிக் கண்ணாடியைத் தவிர்த்துவிடலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கணினி வேலையால் வரும் கண்சோர்வை இவை குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது. அத்துடன் நம் பக்கத்து வறண்ட வெயில் காலமும், முகத்துக்கு நேரே சுழலும் விசிறியும், அலுவலகக் குளிர்சாதனமும் சேர்ந்தால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிகிறது. விசிறியைத் திருப்பி வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். கண்ணின் பவர் சோதித்து நாளாகியிருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள்.

தொடையிலுள்ள வலைக்கோடுகள், தோலைச் சுடாத அளவு வெப்பம் பலநாள் தொடர்ந்து படுவதால் வருபவை. முன்பு அடுப்பருகே நெடுநேரம் அமர்ந்திருப்பவர்களிடம் காணப்பட்டது, இப்போது லேப்டாப்பால் வருகிறது. மடியில் வைப்பதை நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். விசிறி பொருத்திய குளிரூட்டும் தட்டை வாங்கி மீண்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளும் எண்ணம் வேண்டாம். அது கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் எந்த நன்மையும் செய்யாது. கோடுகள் மங்காமல் தடித்தாலோ புண்ணானாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேருந்துப் பயணத்துக்கு, ஒற்றைத் தோளில் மாட்டும் பையைவிட அகலமான இரு பட்டைகள் கொண்ட முதுகுப்பை நல்லது. அலுவலகத்திலேயே இன்னொரு சார்ஜரை வைத்துவிட்டால் சுமை குறையும். அப்படித் தனியாக சார்ஜர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அந்த எண்ணை, அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்னும் கைபேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்க முடியும். பயணத்தில் கைபேசியில் நீண்ட செய்திகளைப் பெருவிரலால் தட்டுவதைக் குறைத்து, தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதியைப் பயன்படுத்துங்கள். கைபேசியின் பின்புறம் ஒட்டும் வளையம் மலிவானது, ஆனால் உண்மையில் பயனுள்ளது. நழுவிவிடுமோ என்று போனை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையைக் குறைக்கிறது.

உங்கள் கணவரின் பட்டியலில் இல்லாத ஒரு பொருளை நான் சேர்க்கிறேன். இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டை. மருந்துக்கடைகளில் கிடைப்பவற்றுள் பலவற்றில், உள்ளே இருக்கும் உலோகத் தகடு கையை மேல்நோக்கி வளைத்தபடி அமைந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது மணிக்கட்டை நேராக வைப்பது. தகட்டை வெளியே எடுத்து நிமிர்த்திவிட்டு மீண்டும் செருகலாம், அல்லது இயன்முறை மருத்துவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டி, ஆறு வாரம் தவறாமல் அணியுங்கள். இரவு விழிப்புகள் குறைவதைப் பெரும்பாலும் அதற்குள்ளாகவே உணர்வீர்கள்.

குறையாவிட்டால், அல்லது பகலிலும் மரத்தே இருந்தால், பூக்கட்டும்போது நார் விரலிலிருந்து நழுவினால், பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு மற்றக் கையைவிட வற்றித் தெரிந்தால், புதிய பொருள் எதையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் நரம்பியல் அல்லது எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரண்டு துறைகளும் உள்ளன. நரம்பின் கடத்துதிறனை அளக்கும் சோதனை செய்து, நரம்பின் மீதுள்ள அழுத்தம் கடுமையாக இருந்தால் அந்த நார்ப்பட்டையை வெட்டி வழிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.