டைரி எழுத ஆரம்பித்தால் பத்து நாளில் நின்றுவிடுகிறது, தொடர்ந்து எழுத என்ன வழி, என்ன எழுதுவது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது சோம்பேறித்தனம் இல்லை. "எனக்கு எதிலுமே தொடர்ச்சி கிடையாது" என்று கேள்வியில் நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு ஜனவரியும் புது டைரி வாங்குகிறீர்கள். முதல் எட்டு நாள் பக்கம் கொள்ளாமல் எழுதுகிறீர்கள். ஒன்பதாம் நாள் வேலை அதிகம், விட்டுப்போகிறது. மறுநாள் முந்தைய நாளுக்கும் சேர்த்து எழுத உட்கார்ந்தால் என்ன நடந்ததென்றே ஞாபகம் வரவில்லை, அப்புறம் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்க்கவே பிடிக்காமல் மூடிவைத்துவிடுகிறீர்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும், தேதி அச்சடித்த டைரியாகவும் இருக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். விட்டுப்போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழுப் பக்கம் காலியாகக் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் எழுத மனசு வரும்? சாதாரணக் கோடு போட்ட நோட்டில் அந்தத் தொல்லையே இல்லை. மூன்றாம் தேதிக்கு அடுத்து பத்தொன்பதாம் தேதி வந்தாலும் நடுவில் ஒரு வரிதான் இடைவெளி. தேதியை நீங்களே எழுதுங்கள், வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். என் முதல் நோட்டில் கிழமையும் தேதியும் மட்டும் எழுதிவைத்துவிட்டு, எந்த வருடம் என்று கண்டுபிடிக்கப் பின்னால் காலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஆனால் நோட்டை மாற்றினால் மட்டும் போதாது. என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

பதினைந்து வயதில் நான் டைரி எழுதிக்கொண்டிருந்தேன். மனசில் தோன்றுவதையெல்லாம் கொட்டுவேன். ஒருநாள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தபோது அண்ணன் அந்த நோட்டை எடுத்துவந்து எல்லோர் முன்பும் உரக்கப் படித்தான். "அத்தை வந்தால் வீடே சின்னதாகிவிடுகிறது. அத்தை பேசும்போது அம்மா பேசுவதே இல்லை." இந்த இரண்டு வரிகள் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கின்றன, ஏனென்றால் அப்போது அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பாதான் எழுந்து வந்து அண்ணன் கையிலிருந்து நோட்டை வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை, மூடி என் கையில் கொடுத்தார். ஆனால் அன்று இரவு திட்டு வாங்கியது அண்ணன் இல்லை, நான். "இதையெல்லாம் எதுக்கு எழுதி வைக்கிற?" என்று அம்மா கேட்டார். யாருக்காக நான் அந்த வரியை எழுதினேனோ அவரே கேட்டார். மறுநாள் நோட்டை முழுதாகக் கிழித்துப் போட்டேன். அத்தை எட்டு மாதம் என்னோடு பேசவில்லை, நான் இருபத்தேழு வருடம் எதையும் எழுதவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் டைரி நிற்பதற்கும் இதுமாதிரி ஒரு காரணம் இருக்கலாம். யாரோ படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் கை தானாகவே பொய் எழுதும், பொய்யைத் தினமும் எழுத யாராலும் முடியாது. வீட்டில் பூட்டுகிற இழுப்பறை ஒன்று கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். சாமுவேல் பெப்பிஸ் என்ற ஆங்கிலேய அரசு அதிகாரி லண்டனில் 1660 முதல் 1669 வரை தன் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார். அந்த ஒன்பது வருடத்தில் அவர் மறைக்காமல் எழுதியவற்றைப் பார்த்தால், சுருக்கெழுத்து இல்லாவிட்டால் பாதியைக்கூட எழுதியிருக்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, இருபத்தேழு வருடம் கழித்து எப்படித் திரும்ப ஆரம்பித்தேன் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. உடம்பில் நீர் சேரும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். மருத்துவர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், எதுவும் குடிப்பதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். குடிக்கிற தண்ணீர், காபி, கஞ்சி எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டருக்குள் இருக்க வேண்டும், அதையும் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் உடனே கூட்டி வரச் சொன்னார். நான்தான் எழுதினேன். எடை, நீர், கால் வீக்கம், மாத்திரை. நான்கு விஷயம், ஒரு வரி.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் எண்களுக்குப் பக்கத்தில், ஏனென்று தெரியாமல், "இன்று ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொன்னார்" என்று எழுதினேன். மறுநாள் இன்னொன்று. அப்படியே அது பழகிவிட்டது. எண்ணை எழுதாமல் இருக்க முடியாது, அது அவர் உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் நோட்டு தினமும் திறந்துதான் ஆக வேண்டும், திறந்தபின் ஒரு வரி கூட எழுதுவது பாரமே இல்லை. உங்களுக்கு நான் சொல்லும் வழியும் இதுதான். எப்படியும் தினமும் குறிக்க வேண்டிய ஏதாவது ஒன்று உங்களிடம் இருக்கும், செலவுக் கணக்கோ சர்க்கரை அளவோ குழந்தை பால் குடித்த நேரமோ, அந்த நோட்டிலேயே பக்கத்தில் எழுதுங்கள். டைரிக்கென்று தனியாக ஒரு நேரமும் நல்ல மனநிலையும் வேண்டும் என்று காத்திருந்தால் அது வரவே வராது.

ஒருநாள் அப்பா கேட்டார், "எப்பப் பாத்தாலும் என்னமோ எழுதுறியே, நான் கேக்கலாமா? இல்ல அது உன்னோட மட்டுமா?"

அந்த வீட்டில் என்னிடம் அப்படி அனுமதி கேட்ட ஒரே ஆள் அவர்தான். படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் கையைத் தூக்கி, "நாலு மணி இல்ல, நாலரை. மாத்து" என்றார். மாற்றினேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் படித்துக் காட்டுவதும் அவர் திருத்துவதும் வழக்கமாகிவிட்டது. ஏழு மாதம் இப்படிப் போனது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஏழு மாதத்தில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெளியூரிலிருந்து போன் செய்வான். இரண்டு நிமிடம். அப்பா போனபிறகு வந்தவர்கள் எல்லோரும் "பையன் தூரத்துல இருந்தாலும் வாரா வாரம் விசாரிச்சான், அந்த மனசு யாருக்கு வரும்" என்று அவனைத்தான் பாராட்டினார்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்து அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மகள் செய்தால் கடமை, மகன் விசாரித்தாலே பாசம். எத்தனை குடும்பத்தில் இது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பொறாமையில் பேசுகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும், சொல்லட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நாட்களில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சண்டை நடந்தது. அன்றைய அளவு முடிந்துவிட்டது, இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார். முடியாது என்றேன். "என் தாகத்துக்கும் உன்கிட்ட கணக்குக் காட்டணுமா?" என்றார். நான் கத்திவிட்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை, அப்படியே போய்விட்டார் என்றுதான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். நோட்டைத் திறக்கும் தைரியம் எனக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு காகிதம் தேடும்போது நோட்டு கையில் அகப்பட்டது. நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். சண்டை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா இறந்தது அதற்குப் பதினோரு நாள் கழித்து. நடுவில் பதினோரு நாளும் நான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து, நீல மை. சண்டைக்கு ஐந்தாம் நாள் இப்படி இருந்தது:

"எடை 61.4. நீர் 1350. இடது கால் கொஞ்சம் வீக்கம். மதியம் நகம் வெட்டினேன். கட்டைவிரல் நகம் தடித்துப்போய்விட்டது, வெந்நீரில் ஊறவைத்த பிறகுதான் வந்தது. உங்கம்மா வெட்டினா ரத்தம் வரும், உனக்குக் கை மெது என்றார். இன்னொரு காலையும் அவரே நீட்டினார்."

இது சுத்தமாக என் நினைவில் இல்லை. இப்போதும் இல்லை. படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வெந்நீர், நகவெட்டி, அவர் நீட்டிய கால், எதுவுமே மனக்கண்ணில் வரவில்லை, ஆனால் நடந்திருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. 1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களை எழுதித் தரச் சொன்னார். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது, 11 பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் கைப்பட எழுதியதையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. அதனால்தான் டைரியில் உணர்ச்சியைக் கொட்டுவதைவிட நடந்ததை எழுதுங்கள் என்று சொல்கிறேன். "இன்று மனசு சரியில்லை" என்று நான் அந்தப் பதினோரு நாளும் எழுதியிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்?

மனசில் இருப்பதை எழுதினால்தான் பாரம் குறையும், ஆராய்ச்சியே இருக்கிறது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். மறுக்கவில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அதில் மாணவர்கள் தங்கள் கசப்பான அனுபவங்களைப் பற்றி எழுதியது தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், அவ்வளவுதான். அதிலும் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது, உணர்ச்சியை மட்டும் எழுதியவர்களுக்கு இல்லை, நடந்ததையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு. மனசு தாங்காத நாளில் நானும் பக்கம் பக்கமாக எழுதுவேன். தினப்படிக்கு அது ஆகாது என்கிறேன், அவ்வளவே.

வெறும் விவரம் எழுதினால் அது டைரியா என்று கேட்பவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். புதுச்சேரியில் 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும்வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார், இவைதான் பக்கம் பக்கமாக இருக்கும். நடுவில் எழுதாத நாட்களும் உண்டு. அதனால் அந்த நாட்குறிப்பை யாரும் குறைவாகச் சொல்வதில்லை.

கைபேசியில் எழுதலாமா என்றால், எழுதலாம், ஆனால் மாதம் ஒருமுறை வேறிடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான் ஒரு செயலியில் எழுதினேன், அதை நிறுத்திவிட்டார்கள், அறிவிப்பு வந்த மின்னஞ்சலை நான் கவனிக்கவில்லை, பதினான்கு மாதம் போனது போனதுதான். இன்னொன்று, ரசீதுகளை ஒட்டினால் தொகையையும் தேதியையும் பக்கத்தில் கையால் எழுதுங்கள். சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும், மருந்து ரசீதுகள் என்னிடம் அப்படித்தான் கிடக்கின்றன.

இப்போது எண்கள் எழுதும் வேலை இல்லை, ஆனால் பழக்கம் விடவில்லை. எழுந்த நேரம், யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள், மூன்று நான்கு வரி. வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போகும். விட்டதைப் பின்னால் நிரப்ப மாட்டேன்.

போன மாதம் அண்ணன் போனில், அப்பா நோட்டைப் படிக்க வேண்டும், அனுப்பிவை என்றான். முப்பது வருடத்துக்கு முன் நடந்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. அனுப்ப மாட்டேன், வேண்டுமானால் நானே படித்துக் காட்டுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை படிக்கப்போகிறேன், முதல் பக்கத்திலிருந்து.