மன்னித்தவள் கையெழுத்துப் போட வேண்டுமா?

கேள்வி: ஜெபம் பண்ண முழங்கால் போட்டாலே வேண்டாத நினைவுகள் வருகின்றன. சோதனை வருவதே பாவமா அம்மா?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

இல்லை தம்பி. நாற்பது நாள் உபவாசம் இருந்த நம் ஆண்டவரையே பிசாசு வனாந்தரத்தில் மூன்று தடவை சோதித்தான். மூன்று தடவையும் அவர் உபாகமத்திலிருந்து ஒரு வசனம் சொல்லி அவன் வாயை அடைத்தார். ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற’ என்று எபிரெயர் 4:15 சொல்வது அவரைத்தானே? நினைவு வாசலில் வந்து நிற்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை. பாய் விரித்து உட்கார வைத்தால்தான் பொறுப்பு. வந்ததும் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ராத்திரி செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: அப்பாவின் 60 சென்ட் வாழைத்தோட்டத்தை என் அண்ணன், கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று சொல்லி, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். மன்னித்துவிட்டேன் ஆண்டவரே என்று எத்தனையோ தடவை ஜெபித்துவிட்டேன். கோவிலில் அவரைப் பார்த்ததும் நெஞ்சு எரிகிறது. மூன்று வருஷமாக நான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கவில்லை. இப்போது அப்பாவின் வீட்டையும் எழுதிக் கேட்கிறார். “மன்னிச்சது நிஜம்னா கையெழுத்துப் போடு, நீ கிறிஸ்தவள்தானே?” என்கிறார். நான் என்ன செய்ய அக்கா?
– ஒரு சகோதரி, நாசரேத் பக்கம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வேதப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தேன்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் ஆறு பவுன் வளையலை உறவில் ஒரு மதினி அவசரம் என்று வாங்கிப் போனார். மகள் காலேஜில் சேர வைத்திருந்த நகை. திரும்பி வரவே இல்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பு கேட்கும்போதெல்லாம் ‘அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்’ என்று ஆரம்பித்து, வளையல் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிடுவேன். சொல்லும்போது அதில் ஒரு ருசி இருந்தது தங்கச்சி. எனக்கு வந்த சோதனை அதுதான். ஜெபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததால் பல வருஷம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கொரிந்து சபையில் ஒருவனை மன்னிக்கச் சொல்லும் பவுல், ‘சாத்தானாலே நாம் மோசம்போகாதபடிக்கு அப்படிச் செய்தேன்’ என்கிறார். ஆறாத காயம் அவன் நுழைகிற வாசல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பரமண்டல ஜெபத்திலும் பாருங்கள், கடனாளிகளை மன்னிக்கிற வரியை ஒட்டியே சோதனைக்குட்படப்பண்ணாமல் என்ற வரி வருகிறது. ஒரு நாள் விடியற்காலையில் அந்த மன்னிக்கிற வரிக்கு மேலே போக முடியாமல் நான் நின்றுவிட்டேன். மதினியின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், தொண்டை அடைத்தது. மறுநாளும் அப்படித்தான். பெயரைச் சொல்லி ‘அவளை ஆசீர்வதியும்’ என்று முடிக்க எனக்குப் பல வாரம் பிடித்தது.

அதனால் எரிச்சல் திரும்ப வந்தால் முன்பு மன்னித்தது பொய் என்று நினைக்காதீர்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை, வேறு வேறு குற்றங்களுக்கு என்றே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். நடந்த ஒரே குற்றத்தையே அத்தனை தடவை மன்னிக்க வேண்டியிருக்கும் என்று என் அனுபவத்தில் கண்டேன். அதே மத்தேயு 18-இல் வரும் உவமையில், ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து என்ற பெருங்கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரனுக்கு இன்னொருவன் தர வேண்டியிருந்தது நூறு வெள்ளிப்பணம். அன்றைக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம். அப்படியானால் நூறு நாள் கூலி! ஏழைக்கு அது சின்னக் கடனா? உங்கள் 60 சென்ட் ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன். போடாதீர்கள்.

ஒடிசாவில் மனோகர்பூர் கிராமத்தில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயதும் ஆறு வயதுமான அவருடைய மகன்கள் இருவரையும் ஜீப்போடு எரித்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மா, கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளுக்கான ஊழியத்தைத் தொடர்ந்தார். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை வந்தது. மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தருகிற விளைவு வேறு என்பதில் அந்த அம்மா தெளிவாக இருந்தார். அப்படிப்பட்ட இழப்பைத் தாங்கியவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணன் கேட்பது மன்னிப்பே இல்லை, சொத்து. வேத வசனத்தைக் காட்டித் தவறான காரியத்துக்கு இழுப்பது வனாந்தரத்திலேயே நடந்ததுதான். தேவாலயத்து உப்பரிகையில் ஆண்டவரை நிறுத்திவிட்டுப் பிசாசு சங்கீதம் சொன்னானே! அண்ணனைப் பிசாசு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரும் சோதனையில் சிக்கியிருக்கிறார். நீங்கள் இன்னொரு கையெழுத்துப் போட்டால் அவர் இன்னும் ஆழமாகத்தான் போவார். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. பழைய பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். அண்ணனிடம் நேரே, கோபமில்லாமல், ‘கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். அண்டை வீட்டாரிடமும் சங்கத்திலும் சொல்ல வேண்டாம். ஆயரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் திருவிருந்து. மூன்று வருஷம் நீங்கள் பட்டினி கிடந்தது போதும். நெஞ்சு எரிச்சல் முழுதாக அடங்கட்டும் என்று காத்திருந்தால் நானும் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மதினி பக்கத்திலேயே பந்தியில் உட்கார்ந்து, ‘முழங்கால் வலி தேவலையா மதினி?’ என்று கேட்டேன். நல்லபடியாகத்தான் பேசினோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் கையில் கிடந்த வளையல் ஞாபகம் வந்து மறுபடியும் எரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அவர் பெயரைச் சொல்லி மறுபடியும் ஜெபித்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பீடத்தண்டை போய் முழங்கால் போடுங்கள் தங்கச்சி. வெளியே வரும்போது அண்ணன் எதிரே வந்தால் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். இந்த வாரத்துக்கு அது போதும்.