தபால் பிரித்ததற்குப் பதக்கமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்நாட்டுக் காங்கிரஸ் தங்கப் பதக்கம் வழங்கியிருக்கிறதே, துப்பாக்கியையே தொடாதவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமில்லையா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தபால்தானே என்று கேட்டுவிட்டீர்கள். சரி, அந்தத் தபாலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம்.

1945 பிப்ரவரி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். குளிர்காயக் கணப்பு இல்லாத கட்டடங்கள். உள்ளே கூரை முட்ட, ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்க வீரர்களுக்கு வந்த அஞ்சல் மூட்டைகள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்காக வீட்டார் அனுப்பிய கேக்குகளை எலிகள் தின்றுகொண்டிருந்தன. தேங்கிக் கிடந்தவை ஒரு கோடியே 70 லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கேதான் வந்து இறங்கினார்கள் 6888-ஆவது அஞ்சல் படைப்பிரிவின் பெண்கள், மொத்தம் 855 பேர்.

உறையின்மேல் 'ராபர்ட் ஸ்மித்' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிடுகிறாள் ஒரு தாய். அந்தப் பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். எந்த ஸ்மித்துக்குக் கொடுப்பது? வீரருக்குரிய படை எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க, விவரம் எழுதிய 70 லட்சம் அட்டைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். உரியவன் போரில் இறந்துபோயிருந்தால், அந்தக் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும் வேலையும் இவர்கள் தலையில்தான். இரவு பகலாக மூன்று ஷிப்டு, ஒரு ஷிப்டுக்கு 65,000 உருப்படி. ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் முடித்துவிட்டார்கள்.

இவர்களுக்குத் தலைவி சாரிட்டி ஆடம்ஸ், மேஜர், வயது 26. பார்வையிட வந்த ஜெனரல் ஒருவர், அணிவகுப்பில் ஏன் எல்லோரும் இல்லை என்று பாய்ந்தார். சிலர் வேலையில் இருக்கிறார்கள், இரவு ஷிப்டு பார்த்தவர்கள் தூங்குகிறார்கள் என்று விளக்கம் சொன்னார் ஆடம்ஸ். 'எப்படி நடத்துவதென்று காட்ட ஒரு வெள்ளைக்கார லெப்டினன்டை அனுப்புகிறேன்' என்றார் அவர். 'அதற்கு முன் நான் செத்திருக்க வேண்டும், ஐயா' என்றார் ஆடம்ஸ். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்று ஜெனரல் மிரட்ட, இனப் பாகுபாடாகப் பேசினார் என்று ஆடம்ஸ் பதில் குற்றச்சாட்டு தயாரிக்கத் தொடங்கினார். ஜெனரல் பின்வாங்கிவிட்டார். துப்பாக்கி எதற்கு, சொல்லுங்கள்.

லண்டனில் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினப் பெண்களுக்கென்று தனி விடுதி ஏற்பாடு செய்தது. அங்கே தங்க வேண்டாம் என்று ஆடம்ஸ் கேட்டுக்கொண்டார். பெண்களும் ஒரே முடிவாக அதைப் புறக்கணித்தார்கள். பிறகு பிரான்சின் ருவானுக்கு மாற்றினார்கள். ஜூலையில் அங்கே நடந்த ஜீப் விபத்தில் மேரி பாங்க்ஸ்டன், மேரி பார்லோ, டொலரஸ் பிரவுன் ஆகிய மூவரும் பலியானார்கள். அடக்கச் செலவுக்கு ராணுவத் துறை பணம் தரவில்லை. தோழிகளே கைக்காசு திரட்டினார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி அலங்கரிக்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள், அவர்களே அதைச் செய்தார்கள். நார்மண்டியின் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,000-க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். அவர்களில் பெண்கள் நான்கே பேர். அந்த நால்வரில் மூவர் இவர்கள்.

1946-இல் ஊர் திரும்பியதும் படைப்பிரிவைச் சத்தமில்லாமல் கலைத்தார்கள். ஊர்வலம், வரவேற்பு எதுவும் இல்லை. பலர் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. இந்த வரலாறு அரசாங்க அலமாரியில் இருந்து வெளிவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1976-இல் டல்லஸில் முன்னாள் கறுப்பினப் பெண் படைவீரர்கள் சிலர் பழைய தோழிகளாகக் கூடினார்கள். பிற்பாடு வந்த தலைமுறைகளையும் சேர்த்துக்கொண்டு அது தேசியச் சங்கமாக வளர்ந்தது. ஒருத்தியின் நினைவை மற்றொருத்தி காப்பாற்றி வைத்ததால்தான் இன்று நீங்களும் நானும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதக்கத்துக்கான சட்டம் 2022-இல் கையெழுத்தானது. விழா 2025 ஏப்ரலில் நடந்தது. அதற்குள் 855 பேரில் மிஞ்சியவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைப் பக்கம் நின்று போரிட்ட ஜெனரல் லீயின் பெயரில் வர்ஜீனியாவில் இருந்த ராணுவ முகாமுக்கு 2023-இல் கிரெக் என்ற கறுப்பின ஜெனரலின் பெயரோடு ஆடம்ஸின் பெயரையும் சேர்த்து 'கிரெக்-ஆடம்ஸ்' என்று சூட்டினார்கள். இரண்டே ஆண்டில் அது மறுபடியும் 'லீ' ஆகிவிட்டது. இது வேறொரு லீயாம், கறுப்பினச் சிப்பாய் ஒருவராம். நம்புவோம்.