பிரம்பு இல்லாத வகுப்பில் விதி நிற்குமா? கேள்வி பதில்

அரசுத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலுமாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளி திறந்து மூன்று வாரம் ஆனதும் புதிய ஆசிரியர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கும். முதல் வாரம் யாரும் கேட்பதில்லை. அப்போது எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

நான்காம் வகுப்பு, 34 பிள்ளைகள். முதல் நாளே 15 விதிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டினேன். இப்போது அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, டீச்சர்.

சார்ட்டைப் பார்க்காமல் அந்தப் பதினைந்தையும் உங்களால் சொல்ல முடிகிறதா? நான்கைந்து போதும். என் வகுப்பில் கடைசிவரை இருந்தவை நான்குதான். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம். பேச வேண்டுமென்றால் கை தூக்குவோம். அடுத்தவர் பொருளைக் கேட்டுவிட்டு எடுப்போம். வெளியே போனால் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போவோம். ‘ஒழுக்கமாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வது என்றே தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்காரும், அவ்வளவுதான்.

எழுதி ஒட்டியதோடு விட்டுவிட்டீர்கள். கழித்தல் கணக்கைச் சார்ட்டில் ஒட்டிவிட்டால் பிள்ளைகள் தானாகப் போட்டுவிடுவார்கள் என்று நாம் இருப்பதில்லையே! விதியையும் பாடமாக நடத்துங்கள். சத்துணவுக்கு வரிசையில் போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை எப்படிப் பிடிப்பது, முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்று முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அப்புறம் நீங்களே தப்பாகவும் செய்து காட்டுங்கள், இடித்துக்கொண்டு, தட்டில் தாளம் போட்டுக்கொண்டு. வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். எதெல்லாம் தப்பு என்று அவர்களே சொல்வார்கள். தப்பாகச் செய்து காட்டும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் நிறுத்த முடியாது. பட்டவள் சொல்கிறேன். அடுத்து ஐந்து பேர், பிறகு எல்லோரும். சரியாக வரவில்லையென்றால் திட்டாமல் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வரிசைக்குக் கால் மணி நேரம் போகும்தான். ஜூன் மாதத்தில் தினமும் இப்படி ஒன்றைப் பழக்கினால், இழந்த நேரம் ஆகஸ்டுக்குள் திரும்பி வந்துவிடும்.

அடிக்கக் கூடாது என்கிறார்கள். ஆனால் பெற்றோரே வந்து “கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சார்” என்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கும் எத்தனையோ பேர் சொன்னதுதான். இன்றைக்கு அப்படிச் சொல்கிறவர், நாளை பிள்ளையின் காலில் தடிப்பைப் பார்த்தால் வேறு மாதிரி பேசுவார். அதை விடுங்கள், சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. ஆகவே முட்டி போட வைப்பது, பிள்ளையின் சாதியையோ நிறத்தையோ சொல்லிக் கிண்டலடிப்பது எதற்கும் இடமில்லை.

முதல் பத்து வருடம் நானும் பிரம்பு வைத்திருந்தவள்தான். நான் உள்ளே இருக்கும்வரை வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் சந்தைக்கடை. பிள்ளைகள் பழகியிருந்தது பிரம்பை, விதியை இல்லை என்று புரிய எனக்கு அத்தனை வருடம் ஆனது.

தப்புக்கும் அதன் விளைவுக்கும் தொடர்பு இருக்கட்டும். தண்ணீரைக் கொட்டினால் துடைக்கட்டும். குழுவில் சண்டை போட்டால் அந்த வேலையை மட்டும் தனியாக உட்கார்ந்து முடிக்கட்டும். நூறு முறை இம்போசிஷன் எழுத வைக்காதீர்கள். எழுதுவதே தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடரைக் கொண்டு போர்டில் எழுத வைக்கலாமா?

வேண்டாம். ஒரு வருடம் எங்கள் வகுப்பு லீடர் ஒரு பெயரை அழிக்க நான்கு கொடுக்காப்புளி வாங்கிக்கொண்டிருந்தாள். பொருளாதாரம் நன்றாகத்தான் தெரிந்திருந்தது அவளுக்கு. லீடர் வேலையைப் பிரித்து வாரம் ஒருவருக்குக் கொடுங்கள்: நோட்டு அடுக்க ஒருவர், போர்டு துடைக்க ஒருவர், தண்ணீர்க் குடத்துக்கு ஒருவர். அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் வேலை மட்டும் யாருக்கும் வேண்டாம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் நான் எதைச் சொன்னாலும் கமென்ட் அடிக்கிறான். வகுப்பே சிரிக்கிறது. வெளியே அனுப்பினாலும் சிரித்துக்கொண்டே போகிறான்.

தம்பி, மேடையை நீங்களே போட்டுக் கொடுக்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டால் எல்லோர் முன்னாலும்தான் பதில் வரும். பாடத்தை நிறுத்தாமல் அவன் பக்கம் நடந்து போங்கள். டெஸ்க்கில் விரல் வைத்து, அவன் பார்க்க வேண்டிய வரியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மற்றதை இன்டர்வெல்லில் தனியாக, இரண்டே நிமிடம் பேசுங்கள். அப்பாவைக் கூட்டி வா என்று தொடங்க வேண்டாம்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில், ஒழுங்கான வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்கான வகுப்புகளில் ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருந்தது, பாடம் தேங்காமல் நகர்ந்தது. பி.எட். படிக்கும்போது இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம், அந்தப் பையனுக்குப் போர்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். என்னிடம் ஒருவன் இருந்தான், கடைசி பெஞ்ச், ஓயாத வாய். கண்ணாடி வந்த பிறகு பாதிப் பேச்சு குறைந்தது. மீதிப் பாதி கடைசிவரை குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘சைலன்ஸ்’ என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

சத்தத்துக்கு மேலே பேசாதீர்கள். மூன்று தட்டுத் தட்டினால் அவர்கள் இரண்டு தட்ட வேண்டும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்க்க வேண்டும். இதை விளையாட்டாகப் பத்து முறை பழக்குங்கள். தட்டியும் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். தொடக்கத்தில் அந்த அரை நிமிடம் ஒரு யுகமாக இருக்கும்.

பாட நேரத்தில் பாத்ரூம் போக விடலாமா?

விடுங்கள். இதற்கெல்லாம் விதி போடக் கூடாது. கதவோரம் ஒரு அட்டையைத் தொங்கவிட்டால் ஒருவர் வந்த பிறகு அடுத்தவர் எடுத்துக்கொண்டு போவார். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் காரணமே கேட்காதீர்கள்.

ஈராசிரியர் பள்ளி. ஒரே அறையில் ஒன்று முதல் மூன்று வரை. ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டும் என் முந்தானையைப் பிடித்து இழுக்கின்றன.

2022-ல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். நீங்கள் ஒரு குழுவிடம் இருக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வது என்பதுதான் அங்கே தலையான விதி. என் தோழி ஒருத்தி ‘நான், நண்பர், டீச்சர்’ என்று பழக்கியிருந்தாள். முதலில் நானே முயல்வேன், பிறகு பக்கத்தில் கேட்பேன், அப்புறம்தான் டீச்சர். அடிபட்டாலோ வாந்தி வந்தாலோ மட்டும் நேராக டீச்சரிடம் வரலாம். முதல் வாரம் முந்தானையை இழுக்கத்தான் செய்வார்கள். “நண்பரைக் கேட்டாயா?” என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் மறந்துபோகிறது.

வாய்ப்பாடும்தான் மறந்துபோகிறது. மறுபடி இரண்டு நாள் நடத்துங்கள்.

விதியை நாமே மீறினால்?

மீறுவோம். பாட நேரத்தில் போனை எடுப்பதில்லை என்று நான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஒரு நாள் எடுத்துவிட்டேன். வீட்டு விஷயம், அவசரமும் இல்லை. பேசி முடித்துத் திரும்பினால் முதல் வரிசையில் ஒரு சின்னப் பெண் கை தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். “ஒண்ணுமில்ல டீச்சர், நீங்க முடிக்கட்டும்னு இருந்தேன்” என்றாள். அன்றைக்கு மதியம் போர்டு துடைக்கும் வேலை எனக்கு.