மதிலும் புகையும்

அன்புள்ள ஐயா,

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் சார்லஸ் வாட்டர்டன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தன் எஸ்டேட்டைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே துப்பாக்கிச் சத்தமே கேட்காமல் பறவைகளைக் காப்பாற்றியிருக்கிறார். காடுகளை வசதியும் அக்கறையும் உள்ள தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அந்த இடம் இன்றும் இருக்கிறதா?

ரகு

அன்புள்ள ரகு,

மதில் உண்மைதான். யார்க்‌ஷரில் வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் உள்ள வால்டன் ஹாலைச் சுற்றி சுமார் 3 மைல் நீளத்துக்குக் கட்டினார், 1826இல் முடிந்தது. தான் குடிக்காமல் விட்ட ஒயின் காசில் கட்டியதாகச் சொல்வாராம். சரி, ஆனால் தென் அமெரிக்காவின் டெமராராவில் (இன்றைய கயானாவின் ஒரு பகுதி) அவர் குடும்பத்துக்கு அடிமைகளை வைத்து நடத்திய தோட்டங்கள் இருந்தன, இளவயதில் அவரே அவற்றை மேற்பார்த்தவர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மதிலைவிடப் பிடித்தது கூகை விஷயம். கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று அந்த மாளிகையின் வயதான பணிப்பெண் பயந்துகொண்டிருந்தார் (நம் பாட்டிகளேதான்), காவல்காரரும் அதே கட்சி. 1813இல் கயானாவிலிருந்து திரும்பிய வாட்டர்டன், ஏரிக்கரையில் இடிந்து கிடந்த பழைய வாசலின் மேல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கூகைக்கு ஒரு பொந்து கட்டினார், இனி அவற்றைத் தொட்டால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று காவல்காரரை மிரட்டினார், கூகையால் வீட்டுக்கு என்ன கெடுதல் வந்தாலும் அது என் பொறுப்பு என்று அந்த அம்மாவிடம் சொன்னார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு ஜோடி குடிவந்துவிட்டது. அப்புறம் அவை கக்கிப்போடும் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தார், ஒவ்வொன்றிலும் 4 முதல் 7 சுண்டெலிகளின் எலும்பு.

இப்படிப்பட்ட ஆளால்கூட முடியவில்லை என்பதுதான் உங்களுக்கு என் பதில். பக்கத்திலேயே ஒரு சோப்பு ஆலை வந்தது. அதன் அமிலப் புகையில் மரங்களும் வேலிச்செடிகளும் பட்டுப்போயின, தண்ணீரும் கெட்டது. வேட்டைக்காரனைத்தான் மதில் தடுக்கும், புகையை என்ன செய்யும்? 1840களில் வருடக்கணக்காக வழக்காடித்தான் அந்த ஆலையை அங்கிருந்து கிளப்ப முடிந்தது, அதற்கும் பணமும் பிடிவாதமும் உள்ள நிலச்சுவான்தாராக இருக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் குடியானவர் என்ன செய்திருப்பார்? சோப்புக்கு வேண்டிய சோடா உப்பைத் தயாரிக்கும் ஆலைகள் தங்கள் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும் என்ற ஆல்கலி சட்டம் 1863இல்தான் வந்தது.

1865இல் வாட்டர்டன் இறந்தார். மகன் எட்மண்ட் மரங்களை வெட்டினார், வேட்டைக்கு விருந்தாளிகளை அழைத்தார், கடைசியில் எஸ்டேட்டையே விற்றார். வாங்கியது யார் தெரியுமா? அந்தச் சோப்பு ஆலைக் குடும்பம்! அப்பாவின் அக்கறையைப் பத்திரத்தில் எழுதி வாங்க முடியாதே. தனியார் கையில் காட்டைக் கொடுக்கலாம் என்பவர்கள் இந்த இரண்டாம் தலைமுறையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இடம் இருக்கிறது. ஏரி நடுவே தீவில் நிற்கும் அந்த மாளிகை இப்போது ஒரு ஹோட்டல், நடைபாலத்தைக் கடந்து போகலாம். மதிலிலும் சில பகுதிகள் மிச்சமிருக்கின்றன.